தனி நாடு வந்தால் சித்தூர் எந்தப் பக்கம்?

(நமது பகுதி நேர நிருபர்)

2024-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதி, வெள்ளிக்கிழமை. ரேணிகுண்டா ஜங்ஷனில் பகல் ஷிப்ட் முடிந்து அன்றைய வசூலை எண்ணிக் கட்டு போட்டுக் கொண்டிருந்தேன். பக்கத்து கவுண்ட்டர் தம்பி தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். குப்பம் பக்கத்துப் பையன். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ், கிரிக்கெட் ஆடப் போனால் கன்னடம் என்று மூன்றும் பேசுவான்.

"அண்ணா, பார்த்தீங்களா? பெங்களூர் எம்.பி. ஒருத்தர் தெற்கைத் தனி நாடா கேட்கணும்னு சொல்லிட்டார்!"

பேசியவர் பெங்களூர் ரூரல் தொகுதியின் அப்போதைய காங்கிரஸ் உறுப்பினர் டி.கே.சுரேஷ். முதல் நாள்தான் மத்திய சர்க்காரின் இடைக்கால பட்ஜெட் வந்திருந்தது. தெற்கிலிருந்து போகும் வரிப்பணம் வடக்கே பங்கிடப்படுகிறது, இந்த அநியாயம் திருத்தப்படாவிட்டால் தனி நாடு கேட்கும் நிலைக்குத் தெற்கு தள்ளப்படும் என்பது அவர் பேச்சின் சாரம். பாராளுமன்றத்தில் அமளி. அவருடைய கட்சித் தலைவர் கார்கேயே ராஜ்ய சபையில் எழுந்து, நாட்டைப் பிளக்கும் பேச்சை யார் பேசினாலும் பொறுக்க மாட்டோம் என்றார். நிதிப் பங்கீட்டில் நடக்கும் அநியாயத்தைத்தான் சுட்டிக் காட்டினேன் என்று சுரேஷ் விளக்கம் கொடுத்தார்.

தம்பிக்கு அந்த விளக்கமெல்லாம் காதில் ஏறவில்லை. அவன் கேட்டது இதுதான்: "தனி நாடு வந்தா நம்ம சித்தூர் எந்தப் பக்கம் அண்ணா?"

சிரித்து மழுப்பிவிட்டு வண்டி ஏறினேன். கேள்வி நகரி வரை கூடவே வந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன் கட்சி அரசியல் பேசக் கூடாது என்பது விதி. பழைய கதை பேசத் தடையில்லை என்று நினைக்கிறேன்.

காளஹஸ்தி ராஜா

'திராவிட நாடு' என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர்களுக்குக் காஞ்சிபுரமும் ஈரோடும் நினைவுக்கு வரும். ஆனால் அதன் வேர்களில் ஒன்று நம் காளஹஸ்தியில் இருக்கிறது. நீதிக்கட்சி 1916-ல் தோன்றியபோது அதன் தலைவர்களில் தெலுங்கர்கள் நிறையப் பேர். 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜா காளஹஸ்தியில் பிறந்தவர். பின்னால் அதே பதவிக்கு வந்த பொப்பிலி ராஜாவும் தெலுங்கர்தான். சென்னையில் பனகல் பூங்காவைக் கடக்கும் நம் சித்தூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அவர் நம் பக்கத்து ஆள் என்று தெரியும்?

1937 தேர்தலில் அந்தக் கட்சி படுதோல்வி அடைந்தது. ஜமீன்தார்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ராஜாஜி மந்திரிசபை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க, தமிழ் ஜில்லாக்களில் கிளர்ச்சி வெடித்தது. பெரியார் சிறையில் இருந்தபடியே 1938 டிசம்பரில் கட்சித் தலைவரானார். 1940 ஆகஸ்டில் திருவாரூர் மாநாட்டில் தனித் திராவிட நாடு வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. லாகூரில் முஸ்லிம் லீக் தன் தீர்மானத்தைப் போட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஜின்னாவின் உதவியும் நாடப்பட்டது. அவர் அனுதாபம் காட்டினார். முஸ்லிம்களுக்காக மட்டுமே தன்னால் பேச முடியும் என்று 1944-ல் கைவிரித்து விட்டார்.

பெரியார் கேட்ட திராவிட நாடு ஏறத்தாழ அன்றைய சென்னை மாகாணம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் அதற்குள் அடக்கம். சித்தூரும் உண்டு, திருப்பதியும் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தால் தம்பியின் கேள்விக்கே இடமில்லை. எல்லாமே ஒரே பக்கம்.

சிக்கல் எங்கே என்றால், தெலுங்கர்கள் அந்தப் படத்தைக் கேட்கவில்லை. 1913-ல் பாபட்லாவில் கூடிய முதல் ஆந்திர மகாசபையிலிருந்தே அவர்கள் கேட்டு வந்தது தனி ஆந்திர மாகாணம். தமிழரோடு சேர்ந்து டெல்லியை விட்டுப் பிரிய யோசனை இங்கே இல்லை. டெல்லியோடு இருந்துகொண்டு சென்னையை விட்டுப் பிரியத்தான் யோசனை. திருவாரூரில் நான்கு மொழிக்காரர்களின் பெயரால் தீர்மானம் போட்டார்கள். மேடையும் கூட்டமும் ஒரு மொழிக்காரர்களுடையது.

ஒரே வீடு, ஐந்து விலாசம்

பிரிவினை என்றால் என்ன என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்டதில்லை. தாத்தா நகரியில் தறி வைத்திருந்தார். அவருடைய தங்கை, எங்கள் அத்தைப் பாட்டி, வாழ்க்கைப்பட்ட ஊர் திருத்தணி. இடையே இருப்பது ஒரு மணி நேர வழி கூட இல்லை.

1952 அக்டோபர் 19-ந்தேதி சென்னை மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15-ந்தேதி இரவு உயிர் பிரிந்தது. அடுத்த சில நாட்கள் தெலுங்கு ஜில்லாக்களில் ரயில் நிலையங்கள் தாக்கப்பட்டன, வண்டிகள் ஓடவில்லை, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 19-ந்தேதி பிரதமர் நேரு ஆந்திர ராஜ்யம் அமையும் என்று அறிவித்தார். 'மெட்ராஸ் மனதே' என்று அந்தப் பக்கம் கோஷம். தலையைக் கொடுத்தாவது தலைநகரைக் காப்போம் என்று இந்தப் பக்கம் ம.பொ.சி. பழைய தமிழ் நூல்கள் வேங்கடத்தை வடக்கு எல்லையாகச் சொல்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு திருப்பதியையும் சித்தூரையும் அவர் கேட்டார், சிறைக்கும் போனார். அவர் திராவிட நாட்டுக் கோரிக்கையை எதிர்த்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1953 அக்டோபர் 1-ந்தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா முழுவதும் அதோடு போயிற்று, திருத்தணி உள்பட. எங்கள் ஜில்லாவே 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வெட்டி ஒட்டப்பட்டது என்பதால், ஒட்டிய இடம் வலிக்கத்தானே செய்யும்? பிறகு படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1959-ல் பாராளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1-ந்தேதி திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திரத்துக்கு வந்தன. நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது.

அத்தைப் பாட்டியின் கணக்கைப் பாருங்கள். சென்னை ராஜ்யம். 1953-ல் ஆந்திர ராஜ்யம். 1956-ல் ஆந்திரப் பிரதேசம். 1960-ல் மறுபடி சென்னை ராஜ்யம். 1969-ல் தமிழ்நாடு. பதினாறு வருஷத்தில் ஐந்து விலாசம். அந்த அம்மாள் அம்மிக்கல்லைக் கூட இடம் மாற்றி வைக்கவில்லை.

தாத்தா இதைச் சொல்லிச் சிரிப்பார். நைனாவுக்கு (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிரிப்பு வராது. நிலப் பட்டா தெலுங்கில் வந்த வருஷம், அதைப் படிக்க ஆள் தேடி அலைந்தது அவர்தான்.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. என் தங்கையைத் திருத்தணிக்கு அந்தப் பக்கம் கொடுத்தோம். அவள் ஒரு வேலைக்கு மனுப் போட்டாள். ஆந்திரத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது, நீங்கள் வெளி மாநிலம் என்று ஓர் ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். விதி அப்படித்தான், அந்த குமாஸ்தாவைக் குறை சொல்ல மாட்டேன்; நானும் குமாஸ்தாதான். அதே சமயம், ஆந்திரத்தில் 371-டி பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 1972-73-ல் நடந்த ஜெய் ஆந்திரா கிளர்ச்சிக்குப் பிறகு வந்தது. வேலைக்கும் படிப்புக்கும் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று மண்டலம் மண்டலமாகப் பிரிக்க அது வழி செய்தது. ஒரே தேசத்துக்குள், ஒரே மொழிக்காரர்களுக்குள்ளேயே இத்தனை கோடு! பொன்பாடிக்கும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டைக்கும் (ஸ்டேஷன் பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறேன்) நடுவே இருப்பது ராஜ்யக் கோடு. வண்டி நிற்காமல் தாண்டிப் போகிறது. அது தேசக் கோடாக இருந்தால்?

அண்ணா எழுந்த நாள்

1962 தேர்தலில் தி.மு.க. சென்னை சட்டசபையில் 50 இடம் பிடித்தது. காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா ராஜ்ய சபைக்குப் போனார். மே 1-ந்தேதி தன் கன்னிப் பேச்சில், திராவிடர்களுக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டார். அதுவரை மைதானத்தில் 'அடைந்தால் திராவிட நாடு, இல்லாவிட்டால் சுடுகாடு' என்று ஒலித்தது அன்று ஆங்கிலத்தில், அடக்கமாக, காரணகாரியத்தோடு டெல்லியில் ஒலித்தது.

அப்போது ராஜ்ய சபையின் தலைவர் யார் தெரியுமா? துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, திருப்பதி மிஷன் பள்ளியில் படித்த தெலுங்கர். இரண்டு ராஜ்யங்கள் இழுத்துப் பிடித்த ஊரின் பிள்ளை. அடுத்த பக்கத்தில், லோக் சபையில் அந்த ஆண்டு வரை சபாநாயகராக இருந்தவர் நம் சித்தூர் தொகுதியின் உறுப்பினர், திருச்சானூர் அனந்தசயனம் அய்யங்கார். தி.மு.க.வின் முதல் இரண்டு எம்.பி.க்கள் 1957-ல் உள்ளே நுழைந்தபோது ஆசனத்தில் இருந்தவர் அவர். திராவிட நாட்டின் படத்துக்குள் இருந்த எங்கள் ஜில்லா, டெல்லியில் அதைக் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

இதற்கு முன்பே கட்சிக்குள் சந்தேகம் கிளம்பியிருந்தது. மற்ற மூன்று ராஜ்யங்களில் குரல் கொடுக்க ஆள் இல்லாத கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஈ.வெ.கி.சம்பத் 1961-ல் வெளியேறினார். பெரியாரோ 1956-ல் மொழிவாரி ராஜ்யங்கள் பிரிந்த பிறகு, தமிழ்நாடு தமிழருக்கே என்று கோரிக்கையைச் சுருக்கிக் கொண்டார்.

1962 அக்டோபரில் சீனப் படை இமயத்தைத் தாண்டியது. அண்ணா கோரிக்கையை ஒத்திவைத்து யுத்த முயற்சிக்கு ஆதரவு தந்தார். மறு ஆண்டு 16-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். ராஜ்ய சபையில் அதை எதிர்த்துப் பேசிய அண்ணா, சட்டம் ஆனதும் 1963-ல் கோரிக்கையைக் கைவிட்டார். கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் சொல்லி வைத்தார். 1967-ல் கோட்டை கிடைத்தது. 1968-ல் இருமொழித் தீர்மானம், 1969-ல் தமிழ்நாடு என்ற பெயர், 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம்.

சிலர் இதைப் பயந்து பின்வாங்கியது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 1957-ல் பண்டாரநாயக்காவோடு செல்வநாயகம் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழிக்கப்பட்டது. 1976-ல் வட்டுக்கோட்டையில் தனி ஈழத் தீர்மானம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, ஆகஸ்டில் பிரிவினைக்கு எதிரான 6-வது திருத்தம். அதே மாதிரி உறுதிமொழி. கூட்டணி எம்.பி.க்கள் எடுக்க மறுத்து இடம் இழந்தார்கள். பேச வேண்டியவர்கள் வெளியே போனதும் துப்பாக்கி பேசியது, 2009 மே மாதம் வரை. உறுதிமொழி இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. இங்கே கேட்டதில் பாதியாவது கொடுக்கிற வழி திறந்திருந்தது. அங்கே அந்த வழியை முதலிலேயே அடைத்து விட்டார்கள்.

எல்லாம் 'ஆல்'

1963-க்குப் பிறகு இந்தப் பேச்சின் இலக்கணம் மாறிவிட்டது. யாரும் 'வேண்டும்' என்று முடிப்பதில்லை. எல்லாம் 'ஆல்' விகுதிதான். திருத்தாவிட்டால், தள்ளினால், வஞ்சித்தால். 2022 ஜூலையில் நாமக்கல் கூட்டத்தில் ஆ.ராசா, மாநில சுயாட்சி கொடுங்கள், பெரியார் வழிக்கு எங்களைத் தள்ளாதீர்கள் என்றார். சுரேஷ் பேச்சும் அதே வாய்ப்பாடு. இருவருமே ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுத்து உள்ளே போனவர்கள். கடையில் பேரம் படியாவிட்டால் படி இறங்குகிற மாதிரி நடப்போமே, கடைக்காரன் கூப்பிடுவான் என்று தெரிந்து. அதுதான் இது.

ஆனால் பேரத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய வரிப் பகிர்வில் கர்நாடகத்தின் பங்கு 14-வது நிதிக்குழுவில் 4.713 சதவீதம், 15-வது குழு 2021 முதல் 2026 வரைக்கு அதை 3.647 ஆக்கியது. ஆந்திரத்துக்கு 4.305 என்பது 4.047 ஆனது. தமிழ்நாட்டுக்கு 4.023-லிருந்து 4.079, அதாவது எள்ளளவு கூடியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களுக்கு ஜனத்தொகைக் கணக்கில் நஷ்டம் வருகிறது. லோக் சபை இடங்களிலும் இதே பயம். மாநிலங்களுக்குள்ள இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு 1976-ல் நிறுத்தி வைத்தார்கள்; 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை என்று 2001-ல் அதை நீட்டினார்கள்.

இதைப் பேச 2025 மார்ச் 22-ந்தேதி சென்னையில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு கூட்டம் கூட்டினார். கேரளத்திலிருந்து பினராயி விஜயன், தெலங்கானாவிலிருந்து ரேவந்த் ரெட்டி, பஞ்சாபிலிருந்து பகவந்த் மான், கர்நாடகத்திலிருந்து டி.கே.சிவகுமார் எல்லோரும் வந்தார்கள். ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு வரவில்லை. அவர் நம் சந்திரகிரிப் பக்கத்து நாராவாரிபள்ளிக்காரர். தமிழ்நாட்டின் விளிம்பில் இருக்கும் குப்பத்திலிருந்து 1989 முதல் சட்டசபைக்குப் போகிறவர். அவருக்கும் ஜனத்தொகைக் கவலை உண்டு. அவர் சொல்லும் மருந்து, பிள்ளைகளை அதிகம் பெற்றுக் கொள்ளுங்கள் என்பது. தனி நாடு கேட்டு நடந்த கூட்டமல்ல அது, வெறும் தொகுதிக் கணக்கு. அதற்கே ஆந்திரம் ஒரு மேடையில் வந்து நிற்காதபோது, தெற்கு முழுவதும் ஒரே நாடு என்று முழங்குபவர்கள் யாரைக் கேட்டு முழங்குகிறார்கள்?

ஸ்காட்லாந்தில் 2014-ல் பிரிவதா வேண்டாமா என்று ஜனங்களிடம் ஓட்டுச் சீட்டைக் கொடுத்துக் கேட்டார்கள். 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நம் அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு ஓட்டுக்கு வழியில்லை. 3-வது பிரிவின்படி பாராளுமன்றம் திருத்தணியை இங்கும் அங்கும் மாற்றலாம். கதவைத் திறந்து வெளியே விடும் பிரிவு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, மேடையில் பேசுவது சுலபமாக இருக்கிறது. நடக்காது என்பது பேசுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். பேசியவர் கார் ஏறிப் போய்விடுவார். சூடு வெளியூரில் பிழைக்கிறவன் மேல் இறங்கும். 1991 டிசம்பரில் காவிரிப் பேச்சு சூடேறியபோது பெங்களூரில் அடி வாங்கியவர்கள் கட்டடத் தொழிலாளிகளும் சின்னக் கடைக்காரர்களும். அவர்களில் யாரும் எந்த மேடையிலும் ஏறியவர்கள் இல்லை.

மூன்றாவது கட்டம்

மறுநாள் டீக்கடையில் தம்பி விடவில்லை. கூடவே பீகார்க்காரரான பாயிண்ட்ஸ்மேனும் இருந்தார். ஏழு வருஷமாக இங்கே இருக்கிறார். குழந்தை தெலுங்கு மீடியத்தில் படிக்கிறது. அவருக்கும் விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. "நான் போக வேண்டுமா சார்?" என்று கேட்டார், பாதி விளையாட்டாக.

எனக்குத் தெரிந்த ரயில்வே கதையைச் சொன்னேன். 1947-ல் தேசத்தைப் பிரித்தபோது ரயில்வேயையும் பிரித்தார்கள். நார்த் வெஸ்டர்ன் ரயில்வே இரண்டாக உடைந்தது. சர்க்கார் ஊழியர்களிடம், ரயில்வேக்காரர்கள் உள்பட, விருப்பம் கேட்டார்கள். இந்தியாவா, பாகிஸ்தானா? எழுதிக் கொடுத்தவர்கள் அவரவர் பக்கம் வண்டி ஏறினார்கள். சிக்னல்மேன், கார்டு, புக்கிங் கிளார்க் எல்லோரும். சம்பளம், பென்ஷன், பிராவிடண்ட் பண்டு எல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

தம்பி கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக் கொண்டிருந்தான். அவன் அம்மாவின் ஊர் வாணியம்பாடி. அப்பா வழி குப்பம். பெண் பார்த்திருப்பது கோலார் பக்கம்.

"மூணாவது கட்டம் எதுவும் இல்லையா அண்ணா அந்தப் பாரத்துல?"

இல்லை என்றேன். பாயிண்ட்ஸ்மேன் மூன்று டீக்கும் காசு கொடுத்துவிட்டு யார்டுக்குக் கிளம்பினார். அரக்கோணம் வண்டிக்கு மணி அடித்து விட்டார்கள். கவுண்ட்டரில் கூட்டம் சேர்ந்திருந்தது. முதலில் நின்ற பெரியவர் திருத்தணிக்கு இரண்டு டிக்கெட் தெலுங்கில் கேட்டார். மீதிச் சில்லறையைத் தமிழில் எண்ணி வாங்கிக் கொண்டு போனார்.